ஒற்றைப் பிளவில் ஒளிச்செறிவு: சைன் பீட்டா வகுத்தல் பீட்டா எங்கிருந்து வருகிறது?

பாளை மாணவி

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குறுகிய ஒற்றைப் பிளவின் வழியே போகும் ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு செறிவோடு விழும் என்று தருவிப்பது எங்கள் ஒளியியல் தாளில் ஒரு பெரிய கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் அதை அப்படியே உருப்போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது நன்றாகவே புரிந்தது. பிளவை இரண்டு பாதியாகப் பிரிப்போம். மேல் பாதியில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்ப் பாதியில் ஒரு ஜோடி உண்டு. ஜோடிக்குள் பாதை வேறுபாடு அரை அலைநீளம் என்றால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், அங்கே இருட்டு. சரி. ஆனால் இந்த முறை இருட்டு விழும் இடத்தை மட்டும்தான் சொல்கிறது. ஓர் இருட்டுக்கும் அடுத்த இருட்டுக்கும் நடுவில் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டால் அதில் பதில் இல்லை. கல்லூரிக்கு வந்ததும் கரும்பலகையில் திடீரென்று சைன் பீட்டா வகுத்தல் பீட்டா வந்து நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது? நடு மையத்தில் பீட்டா பூஜ்யம். அங்கே பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பதா?

இன்னொன்றும் குழப்புகிறது. மையத்துக்கு அடுத்த பெருமம் (வெளிச்சம் உச்சமாகும் இடம்) பீட்டா = 1.5 பை என்ற இடத்தில் வரும் என்று என் குறிப்பில் இருக்கிறது. தோழியின் குறிப்பில் 1.43 பை. எதை எழுதுவது?

முருகன்குறிச்சி டீச்சர்

பாதி பாதியாகப் பிரித்த முறையை விட்டுவிடாதே அம்மா, அதையே நீட்டிக்கொண்டு போகலாம். இரண்டாகப் பிரிப்பதற்குப் பதிலாகப் பிளவை நூறு மெல்லிய பட்டைகளாக நினைத்துக்கொள். அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் புதிய துணை அலைகளுக்கு மூலம் என்று ஹைகென்ஸ் 1690-இல் வெளியிட்ட நூலில் சொல்லிவிட்டார். அந்தத் துணை அலைகளைக் கட்டத்தோடு (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் நிற்கிறது என்பதோடு) சேர்த்துக் கூட்ட வேண்டும் என்று காட்டியவர் ஃபிரெனெல். 1818-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் போட்டிக்கு அவர் எழுதிய கட்டுரையில்தான் இது கணக்காக வந்தது. அவர் சொல்வது சரியென்றால் வட்டத் தட்டின் நிழலுக்கு நட்டநடுவே வெளிச்சப் புள்ளி விழ வேண்டுமே என்று நடுவர்களில் ஒருவரான பாய்சான் மறுத்தார். அரகோ செய்து பார்த்தார், புள்ளி விழுந்தது. கட்டத்தோடு கூட்டுவதன் பலம் அவ்வளவு.

கைபேசியில் குறிகளைத் தட்ட முடியவில்லை, எழுத்திலேயே எழுதுகிறேன். பிளவின் அகலம் அ. அலைநீளம் லாம்டா. நேர்த்திசையிலிருந்து விலகும் கோணம் தீட்டா.

மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் தீட்டா கோணத்தில் கிளம்பும் கதிர்களுக்கு இடையே பாதை வேறுபாடு அ × சைன் தீட்டா. ஓர் அலைநீளத்துக்கு 2 பை என்பதால் கட்ட வேறுபாடு 2 பை × அ × சைன் தீட்டா ÷ லாம்டா. இதில் பாதிக்குத்தான் பீட்டா என்று பெயர்:

பீட்டா = பை × அ × சைன் தீட்டா ÷ லாம்டா

ஆக, விளிம்புக்கு விளிம்பு கட்ட வேறுபாடு 2 பீட்டா. ஏன் பாதியை எடுத்தார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது ஒவ்வொரு பட்டையின் அலையையும் ஒரு சின்ன அம்பாக வரை. அம்பின் நீளம் வீச்சு, அதாவது அலை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது; அம்பு திரும்பியிருக்கும் கோணம் கட்டம். எல்லாப் பட்டையும் ஒரே அகலம், எனவே எல்லா அம்பும் ஒரே நீளம். அடுத்தடுத்த அம்பு முந்தையதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கும், அந்தக் 'கொஞ்சம்' எல்லாவற்றுக்கும் சமம். அம்புகளை முனையோடு வால் பொருந்தச் சேர்த்துக்கொண்டே போ. காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர் என்ன செய்கிறார்? ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் திரும்பித் திரும்பித்தான் நடக்கிறார். நடந்த தூரம் வேறு, கிளம்பிய இடத்திலிருந்து இப்போது நிற்கும் இடத்துக்கு நேர்கோட்டுத் தூரம் வேறு. நமக்கு வேண்டியது அந்த நேர்கோட்டுத் தூரம்தான். அதுதான் கூடுதல் வீச்சு.

தீட்டா பூஜ்யம் என்றால் யாரும் திரும்பவில்லை. அம்புகள் நேராக நிற்கின்றன, மொத்த நீளம் முழுதாகக் கிடைக்கிறது. அந்த நீளத்தை மைய வீச்சு என்போம். கோணம் கூடக் கூட அதே நீளம் வில்லாக வளைகிறது. வில்லின் நீளம் மைய வீச்சு, வில் மொத்தமாகத் திரும்பும் கோணம் 2 பீட்டா. எனவே ஆரம் = மைய வீச்சு ÷ 2 பீட்டா. இந்த வில்லின் நாண் எவ்வளவு? ஆரத்தை இரண்டால் பெருக்கி, மையக் கோணத்தில் பாதியின் சைனால் பெருக்க வேண்டும்:

நாண் = 2 × (மைய வீச்சு ÷ 2 பீட்டா) × சைன் பீட்டா = மைய வீச்சு × (சைன் பீட்டா ÷ பீட்டா)

பாதிக் கோணத்தின் சைன் வரும் என்பதால்தான் முதலிலேயே பாதிக்குப் பெயர் வைத்துக்கொண்டோம். செறிவு வீச்சின் வர்க்கத்துக்கு நேர்த்தகவு. ஆகவே,

செறிவு = மையச் செறிவு × (சைன் பீட்டா ÷ பீட்டா)²

2 பீட்டா சரியாக 2 பை ஆகும்போது வில் முழு வட்டமாக மூடிவிடும், நாண் பூஜ்யம். அ × சைன் தீட்டா = லாம்டா என்று நீ பள்ளியில் படித்த முதல் சிறுமம், அதாவது முதல் இருட்டு, அதுதான். இரண்டு சுற்று சுற்றினால் இரண்டாவது சிறுமம். பெருமம் பற்றிய கேள்வியை அம்பை அண்ணாச்சிக்கு விட்டுவைக்கிறேன், அது அவருக்குப் பிடித்த கணக்கு.

தென்காசிச் சாரல்

டீச்சர், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே தாள் எழுதப் போகிறவன். ஒவ்வொரு பட்டையின் செறிவையும் கண்டுபிடித்து, செறிவுகளையே கூட்டிவிட்டால் என்ன? எதற்கு இந்த அம்பு, வில் எல்லாம்?

முருகன்குறிச்சி டீச்சர்

நல்ல கேள்வி தம்பி. செறிவு எப்போதும் மிகை எண். மிகை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் பூஜ்யம் வராது. அப்படிக் கூட்டினால் திரை முழுக்க ஒரே வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டும், இருட்டுக் கோடே வரக் கூடாது. ஆனால் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் முதலில் வீச்சைக் கூட்டு, கடைசியில் வர்க்கப்படுத்து. இந்த வரிசையை மாற்றினால் தருவித்தலே கிடையாது. இரட்டைப் பிளவு, கீற்றணி (நெருக்கமான பல பிளவுகள்) எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான்.

தனித்தனி மூலங்களிலிருந்து வரும் ஒளிக்குச் செறிவைக் கூட்டலாம். இரண்டு குழல்விளக்கு போட்டால் அறையில் வெளிச்சம் இரண்டு மடங்கு, கோடு எதுவும் விழாது. அவற்றின் கட்டங்களுக்குள் நிலையான உறவு இல்லை. பிளவின் எல்லாப் பட்டைகளும் ஒரே அலைமுகப்பிலிருந்து பிறந்தவை, உறவு நிலையானது.

அம்பை கணக்கு

டீச்சர் விட்டுவைத்ததற்கு நன்றி. முதலில் தொகையீட்டு வழியைச் சொல்லிவிடுகிறேன். தேர்வில் அம்புப் படம், தொகையீடு இரண்டில் எது எழுதினாலும் மதிப்பெண் உண்டு, ஆனால் தொகையீடு எழுதினால் இடம் குறைவு.

பிளவின் நட்டநடுவை ஆதிப்புள்ளியாக வை. சிலர் கீழ் விளிம்பில் வைத்து ஆரம்பிக்கிறார்கள். அப்படியும் விடை வரும், கூடவே ஒரு கட்டக் காரணியும் ஒட்டிக்கொண்டு வரும். வர்க்கப்படுத்தும்போது அது போய்விடும் என்றாலும் அதுவரை அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும். நடுவில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

நடுவிலிருந்து எக்ஸ் தூரத்தில் டிஎக்ஸ் அகலத்தில் ஒரு பட்டை. அதன் பாதை வேறுபாடு எக்ஸ் × சைன் தீட்டா. 2 பை × சைன் தீட்டா ÷ லாம்டா என்பதற்குக் கே என்று பெயர் வைத்தால், அதன் கட்டம் கே × எக்ஸ். பட்டையின் அலை, கொசைன் (ஒமேகா டி − கே எக்ஸ்). இதில் ஒமேகா அலையின் கோண அதிர்வெண், டி நேரம். இதை விரித்தால் இரண்டு உறுப்பு. ஒன்றில் கொசைன் கே எக்ஸ் இருக்கும், மற்றதில் சைன் கே எக்ஸ் இருக்கும். −அ/2 முதல் +அ/2 வரை தொகையிடும்போது சைன் உறுப்பு ஒற்றைச் சார்பு என்பதால் பூஜ்யமாகிவிடும். மிஞ்சுவது கொசைன் கே எக்ஸின் தொகை:

2 × சைன் (கே அ ÷ 2) ÷ கே

கே × அ ÷ 2 என்பது பீட்டாதான், பார். எனவே கே = 2 பீட்டா ÷ அ. இட்டால் அ × சைன் பீட்டா ÷ பீட்டா. டீச்சருக்கு நாணாக வந்தது எனக்குத் தொகையாக வந்துவிட்டது. முன்னால் நிற்கும் அ என்ற காரணியைக் கவனித்து வைத்துக்கொள், அது பின்னால் வேலை செய்யும்.

நடு மையத்தில் பூஜ்யம் வகுத்தல் பூஜ்யம் என்று பயப்பட வேண்டாம். பீட்டா பூஜ்யத்தை நெருங்கும்போது சைன் பீட்டா ÷ பீட்டாவின் எல்லை மதிப்பு 1. கால்குலேட்டரை ரேடியனில் வைத்து 0.1-க்குப் போட்டால் 0.9983 வரும், 0.01-க்குப் போட்டால் 0.99998 வரும். அதனால்தான் மையம் பெருமம். சைன் பீட்டா = 0 என்பதை வைத்துச் சிறுமங்களைச் சொல்லும்போது பீட்டா = 0-ஐ மட்டும் விலக்கு என்று ஒரு வரி கட்டாயம் எழுது. பலர் விட்டுவிடுகிறார்கள்.

இனி பக்கப் பெருமம். வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கினால் கிடைக்கும் நிபந்தனை டான் பீட்டா = பீட்டா. இதற்கு எளிய வாய்பாடாக விடை கிடையாது. டான் வளைகோடுகளையும் 45 பாகை நேர்கோட்டையும் ஒரே தாளில் வரைந்தால் வெட்டும் இடங்கள் தெரியும். டான் வளைகோடு 1.5 பையில் வானத்துக்கு ஓடுகிறது. நேர்கோடு அதை அதற்குச் சற்று முன்னாலேயே சந்தித்துவிடும். அதனால் 1.5 பை என்பது தோராயம், 1.43 பைதான் சரி. உன் தோழியின் குறிப்பு சரியான குறிப்பு.

நீயே சரிபார்க்கலாம். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கட்டும். 4.7-இல் தொடங்கு. அதன் தலைகீழ் டானை எடு, பையைக் கூட்டு. 4.503 வரும். வந்த விடைக்கு மறுபடி தலைகீழ் டான், மறுபடி பை. 4.494. இன்னொரு முறை, 4.493. அதற்குப் பிறகு மூன்றாம் தசமம் அசையாது. 4.493-ஐப் பையால் வகுத்தால் 1.43. அடுத்த பெருமங்கள் 7.725, 10.904. பையின் மடங்கில் 2.46, 3.47. போகப் போக 2.5, 3.5-க்கு அருகே நெருங்கி வருகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. பெருமத்தில் டான் பீட்டாவும் பீட்டாவும் சமம் அல்லவா? அப்படியானால் சைன் வர்க்கம் = பீட்டா² ÷ (1 + பீட்டா²). இதைச் செறிவு வாய்பாட்டில் இட்டால் பெருமத்தின் உயரம் வெறும் 1 ÷ (1 + பீட்டா²) என்று சுருங்கிவிடுகிறது. 4.493-ஐ இடு, 0.0472. அடுத்தது 0.0165. அதற்கடுத்தது 0.0083. மையம் நூறு என்றால் பக்கத்துப் பெருமம் ஐந்துகூட இல்லை. 1.5 பையை வைத்துத் தோராயமாகப் போட்டால் 0.0450 வரும். தேர்வில் தோராயத்தை எழுதினாலும் மதிப்பெண் தருவார்கள், ஆனால் 'ஏறத்தாழ' என்ற சொல்லைச் சேர்த்து எழுது.

பேட்டை பிட்டர்

கணக்கு எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது, ஆனால் செய்து பார்க்கிற வேலை என்றால் எனக்கு விட்டுவிடலாம். ஒரு சவர பிளேடை இரண்டாக உடைத்து, இரண்டு கூர்விளிம்பும் எதிரெதிரே இருக்கும்படி ஒரு தகரத் துண்டில் ஒட்டினேன். தகரத்தில் முதலிலேயே பெரிய ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். இடைவெளியைக் கண்ணால் அளந்தால் சரிவராது. ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இதழ்களின் தொகுப்பு) 0.10 மில்லிமீட்டர் இதழை நடுவில் வைத்து, இரண்டு பிளேடையும் அதில் லேசாக முட்டக் கொடுத்து, பசை காய்ந்த பிறகு இதழை உருவிவிட்டேன். விளிம்பு இணையாக நிற்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு முனை கொஞ்சம் அகலமாகிவிட்டால் கோடுகள் சாய்ந்து விசிறி மாதிரி வரும், அப்போதே தெரிந்துவிடும்.

சிவப்பு லேசர் பாயின்டர், 650 நானோமீட்டர் என்று மேலே அச்சிட்டிருக்கிறது. பட்டாசாலையின் ஒரு கோடியில் வைத்து 4 மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் அடித்தேன். நடுவில் நீளமான பட்டை, இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பட்டைகள். பிளவு செங்குத்தாக நிற்கிறது, வெளிச்சம் கிடைமட்டமாகப் பரவுகிறது. நடுப் பட்டை இருட்டிலிருந்து இருட்டு வரை 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பக்கத்துப் பட்டைகள் அதில் பாதி. ஏன் நடு மட்டும் இரட்டிப்பு?

பொதுவாக ஒன்று. பிள்ளைகள் செய்தால் லேசரைக் கண்மட்டத்தில் வைக்க வேண்டாம். பிளேடில் பட்டுத் திரும்புகிற ஒளியும் கண்ணுக்கு ஆகாது.

முருகன்குறிச்சி டீச்சர்

அண்ணாச்சி, உங்கள் ஃபீலர் கேஜ் யோசனை பிரமாதம். எங்கள் ஆய்வகத்திலும் இதைச் செய்யச் சொல்லப் போகிறேன்.

உங்கள் கணக்கு சரியாக விழுந்திருக்கிறது. லாம்டா ÷ அ என்பது 0.00065 மில்லிமீட்டர் ÷ 0.10 மில்லிமீட்டர் = 0.0065. கோணம் சிறியது என்பதால் 4 மீட்டரால் அப்படியே பெருக்கலாம், 26 மில்லிமீட்டர். முதல் இருட்டு வலப்பக்கம் 26-இல், இடப்பக்கம் 26-இல். இரண்டுக்கும் நடுவில் 52. இரண்டாவது இருட்டு 52-இல், மூன்றாவது 78-இல். எனவே பக்கத்துப் பட்டை ஒவ்வொன்றும் 26தான். பீட்டா = 0 என்ற இடத்தில் விழ வேண்டிய ஓர் இருட்டு விழாமல் போனதால் நடுவில் இரண்டு இடைவெளி ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அம்பை அண்ணாச்சி விலக்கச் சொன்ன அந்த ஒரு மதிப்புதான் உங்கள் சுவரில் நடுப் பட்டையாக நிற்கிறது.

தென்காசிச் சாரல்

எனக்கு இன்னொரு சந்தேகம், இது இரண்டு நாளாக உறுத்துகிறது. அம்பை ஐயா சொன்னபடி முன்னால் ஓர் அ நிற்கிறது. அகலத்தை இரட்டித்தால் மைய வீச்சு இரண்டு மடங்கு, மையச் செறிவு நான்கு மடங்கு. ஆனால் பிளவு இரட்டித்தால் உள்ளே வரும் ஒளி இரண்டு மடங்குதானே? மீதி இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது? ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆனது?

அம்பை கணக்கு

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்தப் பாடத்தைக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். உனக்கு அது உறுத்தியதே பெரிய விஷயம்.

மையச் செறிவு என்பது ஒரு புள்ளியில் உள்ள உயரம். மொத்த ஒளி வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. அகலம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு ஆகிறது, சரி. கூடவே லாம்டா ÷ அ பாதியாகிறது. பட்டைகள் எல்லாம் பாதி அகலத்துக்கு நெருங்கிவிடுகின்றன. உயரம் நான்கு, அகலம் பாதி, பரப்பு இரண்டு. உள்ளே வந்தது இரண்டு மடங்கு, சுவரில் விழுந்ததும் இரண்டு மடங்கு.

நுண்கணிதத்தில் எழுத வேண்டுமானால், (சைன் பீட்டா ÷ பீட்டா)² என்பதை எதிர் முடிவிலி முதல் நேர் முடிவிலி வரை தொகையிட்டால் பை வரும். அது அகலத்தைப் பொறுத்தது அல்ல. சின்னக் கோணங்களில் தீட்டாவுக்கு மாற்றும்போது லாம்டா ÷ (பை × அ) என்ற காரணி வரும். அதை முன்னால் நிற்கும் அ² உடன் பெருக்கினால் அ × லாம்டா. மொத்த ஒளி அகலத்துக்கு நேர்த்தகவு. நடுப் பட்டைக்குள் மட்டும் மொத்தத்தில் சுமார் 90 சதவீதம் அடங்கிவிடுகிறது.

பேட்டைத் தம்பியிடம் 0.20 இதழ் இருந்தால் அதையும் வைத்துப் பார்க்கலாம். நடுப் பட்டை 26 மில்லிமீட்டராகக் குறுகி, கண் கூசும் அளவுக்கு ஏறியிருக்கும்.

பாளை மாணவி

இந்த நான்கு மடங்கு விஷயம் எங்கள் குறிப்பில் எங்குமே இல்லை. இப்போதுதான் அந்த முன்னால் நிற்கும் அ-வுக்கு அர்த்தம் தெரிகிறது. மையச் செறிவு என்று ஒற்றை எழுத்தில் எழுதிவிட்டால் அதற்குள் அகலம் ஒளிந்திருப்பது மறந்தே போகிறது.

இன்னொன்று கேட்கலாமா? ஒளி பிளவில் நேராக விழாமல் சாய்ந்து விழுந்தால் இந்த வாய்பாடு மாறுமா?

முருகன்குறிச்சி டீச்சர்

மாறும், ஆனால் ஓர் இடத்தில் மட்டும். சைன் தீட்டா இருந்த இடத்தில் சைன் தீட்டா − சைன் (படுகோணம்) என்று போடு. சாய்ந்து வரும் அலைமுகப்பு பிளவின் ஒரு விளிம்பை முந்தித் தொடுகிறது, அந்த வேறுபாடுதான் கழிகிறது. மற்றபடி அதே வில், அதே நாண்.

நீ கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. சர் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையே இதைப் பற்றியதுதான். செவ்வகத் துளையில் ஒளி மிகவும் சாய்ந்து விழும்போது பட்டைகள் இரு பக்கமும் சமமாக வராததை நிறமாலைமானியில் கவனித்து, அளந்து, 1906 நவம்பரில் லண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிகல் மேகசின் இதழில் வெளியிட்டார். அப்போது அவருக்கு 18 வயது. உங்கள் வயதுதான்.

ஏன் சமமாக வராது என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். படுகோணம் 80 பாகை, லாம்டா ÷ அ = 0.01 என்று வை. சைன் 80 = 0.9848. முதல் சிறுமங்கள் 0.9748-இலும் 0.9948-இலும் வரும். கோணத்துக்கு மாற்று: ஒன்று 77.1 பாகை, மற்றது 84.2 பாகை. ஒரு பக்கம் 2.9 பாகை, மறுபக்கம் 4.2 பாகை. பீட்டாவின் கணக்கில் இரண்டு பக்கமும் சமம்தான். சைன் வளைகோடு 90-ஐ நெருங்கும்போது படுத்துவிடுவதால் கோணத்தில் பார்க்கும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது. நேராக விழும் ஒளிக்கு இது கண்ணில் படாது.

பத்தமடைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் பட்டுப்பாய்க்குக் கோரையைக் கீறி மெல்லிசாக்குவார்கள். எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்ல பாய். ஒரு கோரைத் துணுக்கின் அகலத்தை இந்த லேசரை வைத்து அளக்க முடியுமா? பிளவுக்குப் பதில் கோரையை நடுவில் நிறுத்தினால் அதே கோடுகள் வரும் என்று என் மகள் சொல்கிறாள்.

முருகன்குறிச்சி டீச்சர்

மகள் சொன்னது சரி. இதற்கு பாபினே தத்துவம் என்று பெயர். பிளவும், அதே அகலமுள்ள தடையும் ஒன்றுக்கொன்று நிரப்பு. இரண்டையும் சேர்த்தால் தடையே இல்லாத வெட்டவெளி. வெட்டவெளியில் லேசர் கற்றை நேராகப் போகிறது, பக்கத்தில் எதுவும் விழுவதில்லை. அப்படியானால் பக்கத்தில் விழும் இடங்களில் பிளவின் வீச்சும் தடையின் வீச்சும் சேர்ந்து பூஜ்யம். ஒன்றுக்கு ஒன்று எதிர்க்குறி, அளவு சமம். வர்க்கப்படுத்தினால் குறி போய்விடும், செறிவு ஒன்றே. நடுவில் மட்டும் நேர்க்கற்றை விழுந்து கண்ணைக் கூசும், அந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்க இருட்டுகளை அளக்க வேண்டும்.

தலைமுடியில் முதலில் பழகுங்கள். 3 மீட்டர் தள்ளி, அடுத்தடுத்த இருட்டுக்கு இடைவெளி 26 மில்லிமீட்டர் வந்தால் முடியின் கனம் 0.00065 × 3000 ÷ 26 = 0.075 மில்லிமீட்டர். ஓர் இடைவெளியை மட்டும் அளக்காமல் ஐந்தாறு இடைவெளியைச் சேர்த்து அளந்து வகுத்தால் பிழை குறையும். கோரை இதைவிட அகலம் இருக்கும். கால் மில்லிமீட்டர் என்று வைத்தால் 5 மீட்டரில் இடைவெளி 13 மில்லிமீட்டர், அதுவும் அளக்கக்கூடியதுதான். துணுக்கை முறுக்காமல், தட்டையான பக்கம் லேசரைப் பார்க்கும்படி இழுத்துக் கட்டுங்கள். திரும்பியிருந்தால் குறைவாகக் காட்டும்.

பேட்டை பிட்டர்

பத்தமடை அண்ணாச்சி, துணுக்கு நீளவாக்கில் ஒரே அகலமாக இருக்காது இல்லையா? ஒரு சின்னத் துளை போட்ட அட்டையை லேசருக்கு முன்னால் வைத்து, கற்றையைச் சிறிதாக்கிக் கொண்டால் ஓர் இடத்தின் அகலம் மட்டும் கிடைக்கும். பிறகு துணுக்கை மேலும் கீழும் நகர்த்தி அங்கங்கே அளக்கலாம். துளை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ரொம்பச் சின்னதாக்கினால் துளைக்கே தனி வளையங்கள் வந்துவிடும்.

பாளை மாணவி

கடைசியாக ஒன்று. எங்கள் படத்தில் பிளவுக்கும் திரைக்கும் நடுவில் குவிலென்ஸ் இருக்கிறது. பேட்டை அண்ணாச்சி லென்ஸே இல்லாமல் செய்துவிட்டார். தேர்வில் லென்ஸ் வரைய வேண்டுமா, வேண்டாமா?

அம்பை கணக்கு

நாம் இதுவரை போட்ட கணக்கு எல்லாம் இணைகதிர்களுக்கானது. ஃபிரானோஃபர் வகை என்பது அதுதான். எல்லாப் பட்டையிலிருந்தும் ஒரே தீட்டாவில் கிளம்பும் கதிர்கள் ஓர் இடத்தில் சேர வேண்டும். இணைகோடுகள் முடிவிலியில்தானே சேரும்? லென்ஸ் வைத்தால் அந்த முடிவிலியை அதன் குவியத் தளத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. லென்ஸ் இல்லையென்றால் திரை 'போதுமான தூரத்தில்' இருக்க வேண்டும். அந்தப் போதுமான தூரத்துக்கு அளவு அ² ÷ லாம்டா. திரை அதைவிடப் பல மடங்கு தள்ளி இருக்க வேண்டும்.

பேட்டைத் தம்பியின் 0.10 மில்லிமீட்டர் பிளவுக்கு அது சுமார் 15 மில்லிமீட்டர். அவர் 4 மீட்டரில் வைத்தார், தாராளம். கால் மில்லிமீட்டர் கோரைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர், 5 மீட்டர் வைத்தால் அதுவும் தாராளம். ஒரு மில்லிமீட்டர் பிளவு என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் வந்துவிடும். அப்போது 4 மீட்டர் சுவர் போதாது. அங்கே கோடுகள் ஃபிரெனெல் வகையாக (திரை போதுமான தூரத்தில் இல்லாதபோது வருவது) குழம்பி வரும், இந்த வாய்பாட்டை இடக் கூடாது.

எனவே தேர்வில் லென்ஸை வரை. பிளவின் இருபுறமும் கதிர்களை இணையாக வரை, திரையை லென்ஸின் குவியத் தளத்தில் வை. திரையில் தூரம் = குவியத் தூரம் × டான் தீட்டா என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டுத் தருவித்தலைத் தொடங்கு.

பாளை மாணவி

சரி ஐயா. நாளை வகுப்பில் அம்புப் படத்தையும் தொகையீட்டையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். டான் பீட்டா = பீட்டா கணக்கை எல்லாருடைய கால்குலேட்டரிலும் செய்ய வைக்கிறேன். பேட்டை அண்ணாச்சி, பசை என்ன பசை, எவ்வளவு நேரம் காய வைத்தீர்கள்?

பேட்டை பிட்டர்

இரண்டு குழாயில் வருகிற எப்பாக்சிப் பசை, தங்கச்சி. உடனே ஒட்டுகிற பசை வேண்டாம், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது. ஓர் இரவு முழுக்கக் காய விடு. இதழை உருவும்போது பிளவின் நீளவாக்கிலேயே இழு, பக்கவாட்டில் இழுத்தால் விளிம்பு மழுங்கிவிடும்.